36 வயதில் கம்யூனிட்டி காலேஜில் எக்ஸ்ரே படிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறார். ஊரில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர். வயது 36, பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகள். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கணவருக்கு ஐடி வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள்குறைப்பு வதந்தி. "கம்யூனிட்டி காலேஜில் ரேடியாலஜிக் டெக்னாலஜி இரண்டு வருடப் படிப்பு, முடித்தால் நல்ல சம்பளம் என்கிறார்கள். பிசிக்ஸ் படித்தவளுக்குச் சுலபமாக இருக்குமா? கதிர்வீச்சு ஆபத்தா? என் இந்திய டிகிரிக்கு ஏதாவது மதிப்பு உண்டா?"

நானும் இதே பாதையில் வந்தவள்தான். 35 வயதில் முதல் அனாடமி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையன் என் தம்பி மகன் வயசு. இப்போது பதினோரு வருடமாக ரேட் டெக் (எக்ஸ்ரே எடுக்கும் டெக்னாலஜிஸ்ட்), அதில் கடைசி ஐந்து வருடம் சிடி ஸ்கேன். அதனால் தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே சொல்கிறேன்.

முதலில் அந்த "இரண்டு வருடம்". அது உள்ளே நுழைந்த பிறகு ஆகும் காலம். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட டிகிரி தரும் அரசுக் கல்லூரி) யார் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் அந்தக் காலேஜுக்குள் இருக்கும் ரேட் டெக் புரோகிராமுக்குத் தனி வாசல், தனிப் பூட்டு. ஒரு பேட்ச்சுக்கு இருபது முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். மருத்துவமனைகளில் மாணவர்களுக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான், காலேஜ் நினைத்தாலும் கூட்ட முடியாது. மாணவர் எண்ணிக்கைக்கு ஈடாக அங்கே டெக்குகள் இருந்தாக வேண்டும் என்பது அங்கீகார விதி.

அந்த வாசலுக்கு முன்னால் முன்தகுதிப் பாடங்கள்: அனாடமி, ஃபிசியாலஜி, அல்ஜீப்ரா, ஆங்கிலக் கட்டுரை, மருத்துவச் சொற்கள் என்று காலேஜுக்குக் காலேஜ் பட்டியல் மாறும். வீட்டையும் பார்த்துக்கொண்டு படித்தால் இதற்கே ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அப்புறம் விண்ணப்பம். சில காலேஜ் மதிப்பெண்ணுக்குப் புள்ளி போட்டு எடுக்கும். சில இடங்களில் தகுதி இருப்பவர்கள் பெயரையெல்லாம் போட்டு நிஜமாகவே குலுக்கல் நடத்துவார்கள். சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல். நம் ஊரில் கட்ஆஃப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குலுக்கல் என்றால் மனசு ஒப்பாது. அனாடமியில் ஏ வாங்கியும் முதல் குலுக்கலில் என் பெயர் வரவில்லை, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. ஆக, மூன்றரை முதல் நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரே காலேஜை நம்பியும் இருக்காதீர்கள். உங்கள் பக்கம் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில், ரெட்வுட் சிட்டியில் கன்யாடா, ஓக்லண்டில் மெரிட், சான் ஃபிரான்சிஸ்கோவில் சிட்டி காலேஜ் என்று நான்கு இடங்களில் இந்தப் படிப்பு உண்டு. நான்கின் முன்தகுதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஐந்தாறு பாடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று தெரிந்துவிடும். அவற்றை முதலில் முடியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இதைவிட மலிவான வழி இந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர். மொத்தம் 80 யூனிட் என்று வைத்தாலும் 3,680 டாலர்தான். மேலே புத்தகம், சீருடை, பார்க்கிங், தடுப்பூசி என்று சில்லறைச் செலவு வரும். இதே படிப்பைத் தனியார் பயிற்சிப் பள்ளியில் படித்தால் பல பத்தாயிரங்கள். "மாநிலத்தில் வசிப்பவர்" என்று கணக்கில் வர ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருந்திருக்க வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் பெல் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஐடி சம்பள வீட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. இதைப் படிக்கும் ஹெச்4 விசாக்காரர்களுக்கு (ஹெச்1பி-யில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தினர்) ஒரு வார்த்தை: ஹெச்4-இல் இருந்தபடியே படிக்கலாம், தடை இல்லை. மத்திய உதவித்தொகை கிடையாது. படித்து முடித்து வேலை பார்க்க வேலை அனுமதி அட்டை வேண்டும். அது எப்போது வரும் என்று தெரியாமல் நான்கு வருடத்தை இதில் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஜேஆர்சிஇஆர்டி என்று ஓர் அங்கீகார அமைப்பு சிகாகோவில் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு புரோகிராமும் மூன்று எண்களைப் பொதுவில் காட்டியாக வேண்டும்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேசியத் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு ஒரு வருடத்துக்குள் வேலை கிடைத்தது. எல்லோரும் தேர்ச்சி விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை. பாதியில் பலரைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களை வைத்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவது பெரிய வித்தை இல்லை.

அப்புறம் "ஒன்பது மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்று விளம்பரம் வரும். அது பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட அனுமதிக்கான படிப்பு. மார்பு, கை கால் என்று சில பகுதிகளை மட்டும் எடுக்கலாம். மருத்துவமனையில் அதை வைத்து வேலை வாங்குவது கஷ்டம். பணம் கட்டுவதற்கு முன் "இதை முடித்தால் ஏஆர்ஆர்டி ரேடியோகிராஃபி தேர்வு எழுதலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏஆர்ஆர்டி நடத்துவதுதான் மேலே சொன்ன தேசியத் தேர்வு. பதிலில் இழுவை இருந்தால் வந்துவிடுங்கள்.

இப்போது பிசிக்ஸுக்கு வருகிறேன். உங்களுக்கு அது நிஜமாகவே சுலபம். வகுப்பில் பாதிப் பேர் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகித விதியைப் பார்த்து முழிக்கும்போது நீங்கள் கணக்கைப் போட்டு முடித்திருப்பீர்கள். டங்ஸ்டன் இலக்கில் எலக்ட்ரான் மோதும்போது அதன் ஆற்றலில் 99 சதவீதம் வெப்பமாகப் போய், மிச்சம்தான் எக்ஸ் கதிராகிறது என்பதெல்லாம் உங்களுக்குப் பழைய கதை. புதிதாகக் கற்க வேண்டியது அதைக் கையாளும் விதம். கருவியில் நாம் வைக்கும் இரண்டு எண்களில் கேவிபி என்பது கதிர் எவ்வளவு ஊடுருவும் என்பது, எம்ஏஎஸ் என்பது எவ்வளவு கதிர் என்பது. கேவிபியை 15 சதவீதம் ஏற்றினால் படம் பதியும் பலகையில் விழும் கதிரின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற கைக்கணக்கு, சமையலில் உப்புப் போடுவது போல, இரண்டாம் வருடத்தில் தானாக வந்துவிடும்.

டிஜிட்டல் வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய் மானம் போகும். இப்போது கூடுதலாகக் கொடுத்தாலும் கணினி சரிசெய்து அழகாகக் காட்டிவிடும். குறைத்துக் கொடுத்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், டாக்டர் கத்துவார். அதனால் சோம்பேறி டெக் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவான், நோயாளிக்குத் தெரியவே தெரியாது. இதை வகுப்பில் மூன்று மணி நேரம் சொல்லித் தருவார்கள். பிசிக்ஸ் தெரிந்தவர்களுக்குத்தான் இது உறைக்கும்.

ஆனால் பிசிக்ஸ் தெரியாததால் எங்கள் பேட்ச்சில் யாரும் படிப்பை விட்டுப் போகவில்லை. போனவர்கள் எல்லோரும் கிளினிக்கலில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், போனார்கள். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான்.

முதல் வருடத்திலேயே வாரத்தில் சில நாள் மருத்துவமனையில் நிற்க வேண்டும். காலை ஆறரை, ஏழு மணிக்கு. சம்பளம் கிடையாது. எந்த மருத்துவமனை என்பதைக் காலேஜ்தான் முடிவு செய்யும், ஒரு மணி நேர டிரைவாகவும் இருக்கலாம். இரண்டு வருடமும் கோடை விடுமுறை உட்பட இதே கதை. தேசியத் தேர்வுக்கு உட்கார, ஏஆர்ஆர்டி கேட்கும் 36 கட்டாயப் படங்களையும், 34 உள்ள பட்டியலில் இருந்து 15 விருப்பப் படங்களையும் எடுத்துத் திறமை காட்டியிருக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போட இரத்தக்குழாய் பிடிப்பது மாதிரிப் பத்து நோயாளிப் பராமரிப்பு வேலைகள் தனி.

அங்கே என்ன செய்வோம்? தொடுவோம். ஊரில் பேருந்தில் பக்கத்தில் ஆண் உட்கார்ந்தாலே ஒதுங்கி வளர்ந்தவள் நான். முதல் வாரமே ஒரு பெரிய உடம்புக்காரரின் இடுப்பெலும்பு முனையைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதை வைத்து மேசையில் மையம் பிடிக்கச் சொன்னார்கள். வாந்தி, மலம், மதுவாடை, காவலர் விலங்கு மாட்டிக் கூட்டிவந்த கைதி எல்லாம் அந்த மாதத்திலேயே. இதில் கூச்சப்படுகிறவர்கள் மையம் தவறவிடுவார்கள், படம் தவறும், நோயாளிக்கு இன்னொரு முறை கதிர் கொடுக்க வேண்டியிருக்கும். கூச்சம் நம்முடையது, கதிர் அவருடையது.

மார்புப் படம் ஒன்றைச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு முப்பது எடுப்போம். நோயாளியை நெஞ்சு பலகையில் படும்படி நிற்க வைப்போம். கதிர் முதுகுப் பக்கத்தில் இருந்து 72 அங்குல தூரத்தில் வரும். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால், அது பலகைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் படத்தில் பெருத்துத் தெரியாது. தாடையைத் தூக்கச் சொல்லி, புறங்கைகளை இடுப்பில் வைக்கச் சொல்லி, தோள்களை முன்னால் உருட்ட வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. மூச்சை இழுக்கச் சொல்வோம், விடச் சொல்வோம், மறுபடி இழுத்து அடக்கச் சொல்வோம். இரண்டாவது மூச்சில்தான் நுரையீரல் நன்றாக விரியும்.

நான் மாணவியாக இருந்தபோது மகனைப் பார்க்க ஊரில் இருந்து வந்திருந்த ஒரு பாட்டிக்கு நிமோனியா சந்தேகம். எனக்குப் பயிற்சி கொடுத்த டெக், கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். பாட்டி தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகன் மொழிபெயர்க்க முயன்று இன்னும் குழப்பினார். நான் பக்கத்தில் போய், "கழற்றவே வேண்டாம் பாட்டி, அப்படியே மேலே தூக்கி வாயில் கவ்விக்குங்க" என்றேன். தாலி தாடைக்கு மேலே போய்விட்டது, நுரையீரல் முழுக்கத் தெரிந்தது. படம் ஒரே முறையில் வந்தது. அந்த டெக் அன்று மாலை என்னிடம் "இதை நீ எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்று கேட்டார்.

எப்போதும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை முழங்கால் பக்கவாட்டுப் படம் எடுத்தேன். தொடையெலும்பின் இரண்டு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் விலகி இருந்தன. வெட்கத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொன்று எடுத்துவிடலாம் என்று பட்டன் பக்கம் போனேன். சீனியர் டெக் உள்ளே வந்து, நோயாளி முன்னாலேயே என் கையை எடுத்துவிட்டார். மாணவர் மறுபடம் எடுக்கும்போது தகுதி பெற்ற டெக் கட்டாயம் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. நான் அன்று கழிப்பறையில் போய் அழுதேன். 35-ஐத் தாண்டிய வயதில், இரண்டு பிள்ளை பெற்றவள், 24 வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கி அழுவது என்பது ஒரு தனி அனுபவம். அதைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு எதையும்விட இதுதான் வயது சம்பந்தப்பட்ட கேள்வி.

நாம் நோயறிந்து சொல்லக் கூடாது என்பதும் சேரும்போது பலருக்குத் தெரிவதில்லை. படத்தில் மணிக்கட்டு முறிவு கண்ணெதிரே தெரியும், நோயாளி "உடைஞ்சிருக்கா?" என்று கேட்பார், "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். வேலை கிடைத்த பிறகு சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் மாமாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதற்கும் அதே பதில்தான்.

கதிர்வீச்சு பயத்துக்கு எண்களே பதில். வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டப்படியான உச்சவரம்பு ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). அமெரிக்காவில் மண்ணில் இருந்தும் வானில் இருந்தும் காற்றில் இருந்தும் இயற்கையாக எல்லோருக்கும் கிடைப்பதே ஆண்டுக்குச் சுமார் 3. படம் எடுக்கும்போது நாம் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கிறோம். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம், அது அளந்துகொண்டே இருக்கும். என் பேட்ஜ் அறிக்கை ஒரு வருடம்கூட அந்த இயற்கை அளவை எட்டியதில்லை. கர்ப்பமானால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம், தெரிவிப்பது உங்கள் விருப்பம். தெரிவித்தால் கர்ப்ப காலம் முழுவதற்கும் குழந்தைக்கு 5 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வந்துவிடும், வயிற்றருகே இன்னொரு பேட்ஜ் தருவார்கள். உண்மையில் இந்த வேலையில் போவது முதுகு. நோயாளியைக் கட்டிலில் இருந்து மேசைக்கு மாற்றி மாற்றி, ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு அறுவை அறையில் நின்று நின்று, நாற்பது வயதில் இடுப்பு பேசத் தொடங்கும். இப்போதே நடை, கொஞ்சம் எடை தூக்குவது என்று ஆரம்பித்துவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஏஆர்ஆர்டி தேர்வு. மதிப்பிடப்படும் கேள்விகள் 200, மதிப்பெண் இல்லாத சோதனைக் கேள்விகள் நடுவில் கலந்து வரும். 75 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் அது சதவீதம் இல்லை, வேறு அளவுகோல். மூன்று வருடத்துக்குள் மூன்று முயற்சி. இரண்டு வருடம் ஒழுங்காகக் கிளினிக்கல் செய்தவர்களுக்கு இந்தத் தேர்வு பெரிய மலை இல்லை. தேர்வில் தேறினால் கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையிடம் மாநில உரிமம் வாங்க வேண்டும், ஃபுளூரோஸ்கோப்பிக்கு (எக்ஸ்ரேயில் அசைவை நேரடியாகப் பார்ப்பது) தனி அனுமதி. வேலையில் சேர்ந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு 24 தொடர்கல்விப் புள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்பளம்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகக் கணக்குப்படி 2023 மே மாதத்தில் நாடு முழுக்க ரேட் டெக்கின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 73,410 டாலர். எம்ஆர்ஐ டெக்குக்கு 83,740. நம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதைவிட நன்றாகவே கூடுதல், வாடகையும் அப்படித்தான். ஆனால் முடித்த மறுநாள் முழுநேர வேலை, பகல் ஷிஃப்ட் என்று கனவு காணாதீர்கள். எங்கள் பேட்ச்சில் பெரும்பாலானவர்கள் கூப்பிட்டால் போகும் வேலையாக இரண்டு மருத்துவமனையில் ஆரம்பித்தார்கள். இரவு, வார இறுதி, தீபாவளி எல்லாம் நமக்குத்தான் விழும். ஒன்றரை வருடம் அப்படிப் போன பிறகு எனக்கு நிரந்தரம் கிடைத்தது. பிறகு சிடி கற்றுக்கொண்டு மேலே போகலாம். அதற்கு மறுபடி காலேஜில் இரண்டு வருடம் உட்கார வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கிளினிக்கலுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். சிறுவயதில் பிசிஜி ஊசி போட்டிருப்பதால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நமக்கு வீங்கிவிட வாய்ப்பு அதிகம். உடனே மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுக்கும். தோல் சோதனைக்குப் பதில் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், பிசிஜி அதைப் பாதிக்காது. அம்மைத் தடுப்பூசி போட்டதற்கு நம்மிடம் சான்று இருக்காது, அம்மாவின் ஞாபகம்தான் இருக்கும். அதற்கும் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று வாங்கலாம்.

கடைசியாக உங்கள் பி.எஸ்சி. அது ரேட் டெக் பாடங்களில் எதையும் குறைக்காது. அனாடமியை நீங்கள் படித்தே ஆக வேண்டும். ஊரில் ரேடியோகிராஃபியே படித்து வந்தவர்கள்கூட நேராகத் தேர்வு எழுத முடியாது, இங்கே அங்கீகாரம் பெற்ற புரோகிராம் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் இங்கே கிடைக்கும் இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்கு வேண்டிய பொதுப் பாடங்களில் சிலவற்றுக்கு உங்கள் டிகிரியை ஏற்றுக்கொள்ளும் காலேஜ்கள் உண்டு, கணிதத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வெளிநாட்டு டிகிரியை மதிப்பிடும் ஒரு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், அந்த அறிக்கைக்கு உங்கள் பல்கலைக்கழகம் சீல் வைத்த உறையில் மதிப்பெண் விவரம் அனுப்ப வேண்டும். அங்கேதான் மாதங்கள் கரையும். எனக்கு அது வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் உறை ஒரு மேசையிலேயே தூங்கியது, அப்பா இரண்டு முறை நேரில் போன பிறகுதான் நகர்ந்தது. அதனால் காலேஜ் விண்ணப்பத்தையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஊரில் நேரில் போகக்கூடியவர் யார் என்று பார்த்து, அவர் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதி, மதிப்பெண் பட்டியல் நகல்களோடு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.